சிவப்புக் கன்று அனுப்பவில்லை

திரே தாவா ஊரில் பஹ்ருவின் துணிக்கடைப் பின்கட்டில் தங்கியிருக்கும் என் மூத்த மகன் தெக்லேவுக்கு, அப்பா ஸெர்கா சொல்லச் சொல்ல மாவு மில் ஷிகூர் எழுதுவது. உன் அம்மா வெர்க்கேயும் நானும் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருக்கிறாய் என்று பஹ்ரு வந்து சொன்னான். அதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. கடவுள் விசாரித்துக்கொள்ளட்டும்.

நீ கேட்டனுப்பிய சிவப்புக் கன்று அனுப்பவில்லை. அங்கேயும் ஓட்டல்காரர்கள் வாசலுக்குச் சிவப்பு இலை அசெத் வாழை கேட்கிறார்கள், பட்டணத்தில் செய்த வியாபாரத்தை அங்கே திரும்பத் தொடங்கலாம், அப்பாவிடம் கன்று வாங்கி வா என்று பஹ்ருவிடம் சொன்னாயாமே. கன்றை எப்படிக் கட்டி அனுப்புவது, அந்த வெயிலில் எப்படி வளர்ப்பது என்றும் கேட்டாயாம். மகன் கேட்டால் அப்பன் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் சொல்கிறேன்.

அசெத் மூடுபனியில் குளித்து வளர்கிற சாதி. உன் ஊர் வெயிலில் இலை ஓரம் தீய்ந்து போகும். சுவர் நிழல் பார்த்து வை. காலடியில் சாணம் போட்டு, அதன் மேல் காய்ந்த மட்டையைக் கனமாகப் பரப்பு. தண்ணீரைச் சாயங்காலம் வேரில் ஊற்று; குருத்தில் ஊற்றாதே, தேங்கினால் உள்ளே அழுகும். காற்றில் இலை கிழிந்தால் உனக்குப் பார்க்கப் பொறுக்காது, கத்தியை எடுப்பாய். எடுக்காதே. காய்ந்து தொங்குவதை மட்டும் அறு. ஒரு மரத்தில் பட்ட கத்தி அடுத்த மரத்தில் படும் முன் நெருப்பில் காட்டு. ஒரு மரத்தில் பட்ட கத்தி அடுத்த மரத்தில் படும் முன் நெருப்பில் காட்டு. இதை இரண்டு தரம் எழுதச் சொன்னது நான்தான். ஒரு தரம் போதாதா மாமா என்று ஷிகூர் கேட்டான். நீ எழுது என்றேன்.

கன்று எடுப்பது பற்றி. அதை நீயும் அறிவாய், ஆனாலும் சொல்கிறேன். பழம் தருகிற வாழை தானாகப் பக்கக்கன்று விடும். நம்முடையது விடாது. தாயைக் கொன்றால்தான் பிள்ளை. தண்டை அடியோடு வெட்டிச் சாய்த்து, கிழங்கின் நடுவே இருக்கும் குருத்தைக் குடைந்து எடுத்துவிட்டு, அந்தப் புண்ணில் சாணமும் மண்ணும் அடைத்து மூடினால், மழை பட்டதும் சுற்றிலும் பிள்ளைகள் முட்டிக்கொண்டு வரும். உன் சிவப்பு வாழைக்கு மஸ்கல் பண்டிகையன்று இதைச் செய்வதாகத்தானே இருந்தாய். அந்த வாழை இல்லை. அது இருந்த இடத்தில் குழி இருக்கிறது. ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரியாது.

அதைப் பஸ்ஸின் கூரையில் கட்டி நீ கொண்டுவந்த நாள் என் கண்ணில் நிற்கிறது. மற்ற வாழைகளோடு பின்னால் வைக்காமல் வாசலுக்கு நேரே வைத்தாய். கன்றுக்குட்டியின் ஈரல் மாதிரி இலை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நீடா கேட்டான்: “யாரு மாப்ளே இவ, பட்டணத்துப் பொண்டாட்டியா? கொச்சோ ரொட்டி போடுவாளா, இல்ல வாசல்ல நின்னு சிரிக்க மட்டுந்தானா?” நீ சொன்னாய்: “நிக்கிறதுக்குத்தான் மாமா அங்க காசே குடுக்குறாங்க.” நீடா அன்று முழுக்கச் சிரித்தான். சொந்தமில்லாவிட்டாலும் வேலிப் பழக்கத்தில் அவன் உன் அம்மாவை அக்கா என்றான், என்னை மச்சான் என்றான். அன்றிலிருந்து அந்த வாழைக்கு அவன் வைத்த பெயர் பட்டணத்துப் பொண்டாட்டி. போகிற வருகிறவர்களும் அப்படியே சொன்னார்கள்.

போன பெருமழைக் காலத்தில் அதன் நடு இலை துவண்டு தொங்கியது. மற்ற இலைகள் நன்றாக இருக்க, நடு இலை மட்டும் கழுத்தொடிந்த கோழி மாதிரி. நீடா வேலி வழியே பார்த்துவிட்டு உள்ளே வந்து, ஒரு மட்டையை அறுத்துக் காட்டினான். அறுத்த வாயிலிருந்து மஞ்சளாகச் சீழ் கட்டி வந்தது. உடனே பிடுங்கிப் புதைக்கணும் மச்சான், இல்லாவிட்டால் உன் தோட்டம் என் தோட்டம் இரண்டும் போகும் என்றான். நான் பஸ் டிரைவரிடம் உனக்குச் சொல்லி அனுப்பினேன். நீ சொல்லி அனுப்பிய பதில் இது, ஒரு சொல் குறையாமல் ஞாபகம் இருக்கிறது: “யாரும் கைவைக்காதீங்க. மஸ்கலுக்கு வந்து நானே குருத்தெடுத்துக் கன்னு போடுவேன். அதத் தொட்டவன் என் கழுத்தத் தொட்டவன்.” அப்படியே நீடாவிடம் சொன்னேன். அவன் துப்பிவிட்டுச் சொன்னான்: “சீக்கு கழுத்தும் பாக்காது, வேலியும் பாக்காது மச்சான்.” சொல்லிவிட்டுப் போய்விட்டான். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நான் இருந்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாளை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை என்கிறான் ஷிகூர். வேண்டும். ஓடியவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடந்தது தெரியாது.

ஐந்து வீடு சேர்ந்து வாங்கிய காளையை நம் வாசலில்தான் அறுத்தோம். தோலை உரித்து விரித்துப் போட்டிருந்தோம். நீடா சட்டையைக் கழற்றிவிட்டு முழங்கை வரை ரத்தத்தோடு உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டிருந்தான். சூடு ஆறுவதற்குள் ஈரலில் ஒரு துண்டு அறுத்துக் கையில் வைத்திருந்தான், நீ வந்ததும் உன் வாயில் போட. நீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாய். அம்மாவுக்குச் சால்வை, எனக்குத் தொப்பி. நீடாவுக்குக் காகிதம் சுற்றிய புதுக் கத்தி. அவனுக்காகவே பட்டணத்தில் தேடி வாங்கினேன் என்று தெருமுனையிலேயே ஆளாளுக்குக் காட்டிக்கொண்டு வந்தாயாம், பிறகு சொன்னார்கள்.

வாசலில் குழியைப் பார்த்தாய். மண் ஈரமாக இருந்தது, ஓரத்தில் எரித்த இலையின் சாம்பல் இருந்தது. யார் என்று கேட்டாய். மரம் போனது எங்களுக்கே அன்று விடிந்துதான் தெரியும். நீடா தலையைத் தூக்காமல் சொன்னான்: “நாந்தான். உன் பொண்டாட்டிக்கு வந்தது தீராத சீக்கு மாப்ளே. பொதச்சுட்டேன். அழாத, வேற கட்டி வைக்கிறேன்.” இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று கேட்டால், சிரித்தேன். நீ காகிதத்தைப் பிரித்தாய். கத்தியைக் கொடுக்கப் போகிறாய் என்றே எல்லோரும் பார்த்தோம். உன் முகத்தைப் பார்த்துவிட்டு நீடா மட்டும் எழுந்தான். கையை நீட்டித் தடுக்கவில்லை. அவன் சொன்னது இதுதான்: “கோவப்படாத. உள்ள போயி உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வா.”

அம்மா இருந்தது வீட்டுக்குப் பின்னால். எவ்வளவு தூரம் தெக்லே? நீ போகவில்லை.

முதல் குத்து விலாவுக்குக் கீழே. அவன் காளைத் தோலின் மேல் உட்கார்ந்தான், களைத்தவன் உட்காருவது போல. இரண்டாவது கழுத்தில். மூன்றாவது எங்கே என்று நான் பார்க்கவில்லை, உன்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னை உதறினதில் நான் காளையின் குடலில் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால் தோல் நிறைய ரத்தம், எது மாட்டுடையது எது மனிதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. ஈரல் துண்டு அவன் கையில் அப்படியே இருந்தது. நாய்கள் வந்துவிட்டன. நான் அதுகளைத் துரத்திக்கொண்டிருந்தபோது நீ ஓடையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாய்.

உன் அம்மா பின்னாலிருந்து ஓடி வந்தாள். அன்று பெண்கள் கொச்சோ மாவுக்கு அசெத் கிழங்கு சுரண்டிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அவள் கை இரண்டிலும் பிழிந்த மாவு அப்பியிருந்தது. அந்தக் கையால் அவன் கழுத்தை அழுத்திப் பிடித்தாள். மாவு சிவந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவன் பார்ப்பது நின்றது.

மழை வந்து மில் திண்டாட்டமாகிவிட்டது, எல்லோரும் தானியத்தோடு உள்ளே ஒதுங்கிவிட்டார்கள். அதனால் நேற்று அந்த இடத்தோடு நிறுத்தினோம். இன்று திரும்ப உட்கார்ந்திருக்கிறோம். ஷிகூர் நேற்று எழுதியதைப் படித்துக் காட்டினான். எழுதியபடி இருக்கட்டும் என்றேன். மாமா, இந்தக் கடிதம் வழியில் யார் கையிலாவது சிக்கினால் என்கிறான். சிக்கட்டும். நடந்ததை ஐந்து வீட்டு ஆணும் பார்த்தான். இனி சொல்லப் போவதும் வெளியே வரத்தான் போகிறது.

நீ போன பிறகு எங்களுக்கு நடந்ததைப் பஹ்ரு உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பான். நீடாவைப் புதைத்த கையோடு அவன் தம்பி தெரேதா ஆட்களோடு வந்தான். முதலில் நாயைக் கொன்றார்கள். பிறகு வீட்டில் தீ வைத்தார்கள். கூரைப் புல் காய்ந்து கிடந்தது, பேசி முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. நான் குறுக்கே போனேன். என் இடது காது இப்போது இல்லை. காது போனதால் ஒன்றும் குறையவில்லை, அந்தப் பக்கம் படுத்தால் மட்டும் வலிக்கிறது. உன் அம்மா தோட்டத்து வாசலில் கையை விரித்து நின்றாள். தெரேதா உலக்கையால் அடித்ததில் வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டாக மடிந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. அவள் கத்தவில்லை. நகர்ந்து வழி விட்டாள். அவர்கள் உள்ளே போய்த் தோட்டத்து அசெத் ஒன்று விடாமல் வெட்டிச் சாய்த்தார்கள். சாய்த்தது போதாது என்று கடப்பாரையால் ஒவ்வொரு கிழங்கின் நெஞ்சையும் குத்திக் கிளறினார்கள். உன் தாத்தா வைத்த மரங்களும் அதில் போயின. தெரேதா வெட்டிக்கொண்டே அழுதான், அதையும் சொல்ல வேண்டும்.

எரிந்த இடத்தில் சாய்ப்பு ஒன்று இறக்கி அதில் இருக்கிறோம். நோன்புக் காலம், அதனால் இறைச்சியும் வெண்ணெயும் இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை. குழியில் புளிக்கப் புதைத்து வைத்திருந்த பழைய கொச்சோ மாவு தப்பியது. அதைத்தான் சாப்பிடுகிறோம்.

உன் அம்மாவின் கை சேரவே இல்லை. எலும்புக் கட்டுக்காரன் வந்து மூங்கில் வைத்துக் கட்டினான், உள்ளே அரைபட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் வுபித் வந்தாள். நீடாவின் மனைவி வுபித். தலையை மழித்து, கறுப்புக் கட்டி, தோளில் ஒரு கிழங்கோடு வேலி வழியாக வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். கையில் கத்தி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அவள் தோட்டத்தில் எலும்பு சேர்க்கிற அசெத் இரண்டே மரம் இருந்தது உனக்குத் தெரியும், பெண்கள் அதைக் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். அதில் ஒன்றைச் சாய்த்துக் கிழங்கை எடுத்துவந்திருந்தாள். பால் இருக்கா என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். போய் வாங்கிட்டு வாங்க என்றாள். நான் போனேன். திரும்பி வந்தபோது கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வுபித் ஊட்டினாள், இவள் சாப்பிட்டாள். தெரேதாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வான் என்று கேட்டேன். “அவன் ஒடிச்சான். நான் கட்டுறேன். அவன் வேல அது, என் வேல இது” என்றாள். போகும்போது உன் அம்மாவைப் பார்த்து, “இன்னமும் நான் யார்கிட்டயும் சொல்லல அக்கா” என்றாள்.

அவள் வேலி தாண்டிய பிறகு கேட்டேன், எதைச் சொல்லவில்லை என்று. அப்போதுதான் உன் அம்மா சொன்னாள்.

பெண்கள் கிழங்கு சுரண்டுகிற இடத்துக்கு ஆண் போகக் கூடாது. அங்கே பேசியது வெளியே வரவும் கூடாது. நான் பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை, நீயும் வைத்ததில்லை. பண்டிகைக்கு முன்னால் அவர்கள் சுரண்டிக்கொண்டிருந்தபோது நீடா வேலிக்கு வெளியே வந்து, முறைப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்டிருக்கிறான். மச்சான் மகன் பேச்சுக்குப் பயப்படறாரு, நீதான் தோட்டத்துக்காரி, நீ சொல்லு அக்கா என்று. தெக்லே வந்து அந்தச் சீக்கு மரத்தில் கத்தி வைத்துவிட்டு அதே கத்தியோடு தோட்டத்துக்குள் போனால் ஒன்றும் மிஞ்சாது என்றும் சொல்லியிருக்கிறான். உன் அம்மா சொன்னது இது: “வெட்டு. அவன் வர்றதுக்குள்ள வெட்டிப் பொதச்சுடு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்.” வுபித் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டாள்.

இப்போது தெரிகிறதா, உள்ளே போய் அம்மாவிடம் கேட்டுவிட்டு வா என்று அவன் சொன்னது ஏன் என்று. உன்னிடம் பேசிக்கொள்கிறேன் என்றவள் பின்னால் மாவு பிழிந்துகொண்டிருந்தாள். பெண்ணின் பேச்சை அத்தனை ஆண்கள் நடுவே வெளியே எடுத்துப் போட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீடாவுக்கு மனம் வரவில்லை. ஒரு வார்த்தை, அக்காதான் சொன்னா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ கத்தியைக் கீழே போட்டிருப்பாய். அவன் முறையைக் காத்தான். நீ அவனைக் குத்தினாய்.

நோன்பு கழிந்து பாசிக்கா பண்டிகை முடிந்ததும் மரத்தடியில் பெரியவர்கள் கூடுகிறார்கள். இது நம் வழக்குக்குத்தான். உன் சிற்றப்பன் வோல்தேயும் நம் ஆட்களும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்தவன் தோட்டத்து அசெத்தை அவன் சம்மதம் இல்லாமல் வெட்டுவது நம் மண்ணில் கொலைக்கு அடுத்த குற்றம். வேலி தாண்டி வந்து வெட்டினான், கோபத்தில் குத்திவிட்டான் என்று சொன்னால் பாதி ரத்தம் நீடா தலையில் விழும், உன் உயிர் தப்பும், சில வருஷம் ஊர்ப்பக்கம் வராமல் இருந்தால் போதும் என்கிறார்கள். பஹ்ருவிடம் நீயும் அதையேதான் சொன்னாயாம். அவன் என்னுடையதை வெட்டினான், நான் அவனை வெட்டினேன் என்று. நல்ல கணக்குத்தான். உன் அம்மாவும் அதற்காகத்தான் இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவள் பேசினால் உனக்கு ஒதுங்க அந்த ஒரு நிழலும் இல்லை. வுபித்தும் சொல்லாமல் இருந்தாள். அது அவள் பெருமை, நம்முடையது இல்லை.

சின்ன மழைக் காலம் வந்தது. வெட்டுப்பட்ட கிழங்குகளை நான் அப்போதே சாணம் போட்டு மூடி வைத்திருந்தேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, செத்ததை மூட வேண்டும் அவ்வளவுதான். மழை விட்டதும் மட்டையை விலக்கிப் பார்க்கிறேன், ஒவ்வொரு கிழங்கைச் சுற்றியும் பிள்ளைகள். ஊசி ஊசியாய், மூக்கு மூக்காய், எண்ண முடியவில்லை. தண்டை அறுத்து நெஞ்சைக் குடைந்தெடுத்தால் என்ன நடக்குமோ அதைத்தான் தெரேதாவின் ஆட்கள் செய்திருக்கிறார்கள். அழிக்க வந்தவர்கள் நடவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கத்தியைத் தீயில் காட்டிக்கொண்டு வரச் சொன்னாள். ஒரு கன்றில் மட்டையை அறுத்தோம். சீழ் இல்லை. தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. திரும்பத் தீயில் காட்டி அடுத்ததில் அறுத்தோம், திரும்பக் காட்டி அதற்கடுத்ததில். கடைசி மூலை வரை போனோம். ஒன்றில்கூட மஞ்சள் இல்லை. நீடா அந்த ஒன்றை எடுத்ததால்தான் மற்ற எதற்கும் ஒட்டவில்லை.

உன் அம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. “இத மென்னு முழுங்கிட்டு அந்த மரத்தடியில என்னால சும்மா நிக்க முடியாது” என்றாள். மரத்தடியில் பெண் பேசுவதில்லை. ஆனால் அசெத் தோட்டத்துப் பேச்சு என்று வந்தால் தோட்டத்துக்காரி சொல்தான் சொல், அதைப் பெரியவர்கள் தடுக்க முடியாது. வோல்தே வந்து கத்தினான், பெத்த பிள்ளைய நீயே கழுத்தறுக்கப் போறியா என்று. அவள் ஒடிந்த கையைத் தூக்கிக் காட்டி, பேசாமல் போகச் சொன்னாள்.

உனக்கு அவள் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று. நீயே வந்து முழுக் கணக்கையும் சொன்னால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். நீ வராவிட்டால், இல்லை வந்து அந்தப் பாதிக் கணக்கைச் சொன்னால், அவள் எழுந்து சொல்லிவிடுவாள். பெற்றவள் வாயால் ஊர் கேட்கும் முன் உன் வாயால் கேட்கட்டும் என்கிறாள்.

ரத்தம் சிந்தியவன் மன்னிப்புக் கேட்டு எப்படி வர வேண்டும் என்று உனக்குத் தெரியும். கழுத்தில் கல்லை ஏற்றிக்கொண்டு, குனிந்து, தெரேதாவின் கால் வரைக்கும். நிமிரக் கூடாது, அவன் கல்லை எடுக்கச் சொல்லும் வரைக்கும். தெரேதா, அண்ணன் செத்ததிலிருந்து தலை வாரவில்லை. இடுப்பில் அரிவாள் இல்லாமல் சந்தைக்கும் போவதில்லை. கல் சுமந்து வந்தவன் கழுத்தில் யாரும் கை வைப்பதில்லை, வைத்தால் அவன் வீட்டிலிருந்து ஏழு தலைமுறைக்கும் யாரும் அடுப்புக்குத் தீ வாங்க மாட்டார்கள். ஆனால் என் இளவயதில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தரம் வைத்தான் ஒருவன். நான் பார்த்தேன். கல் முதலில் விழுந்தது. இதை உனக்குச் சொல்லாமல் கூப்பிட்டால் நான் அப்பன் இல்லை. வுபித் அன்று தெரேதாவுக்கு வலப்பக்கத்தில், அவன் அரிவாள் கைக்குப் பக்கத்தில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். உனக்கு இடப்பக்கத்தில் நான் குனிந்து வருவேன். எனக்கு அந்தப் பக்கத்தில் காதும் இல்லை, ஊர் பேசுவது என்ன கேட்டுவிடப் போகிறது.

சிவப்புக் கன்றுக்குப் பதிலாக பஹ்ருவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் பார். சும்மாடு. வெட்டுப்பட்ட நம் மரங்களின் நாரை எடுத்து உன் அம்மா திரித்தாள். ஒரு கையாலும் பல்லாலும் திரித்தது, அதனால் ஒரு பக்கம் தளர்வாக இருக்கும். நான் வாங்கித் திரிக்கப் போனேன், விடவில்லை. கழுத்துக்கு வைத்துப் பார், சிறிதாக இருந்தால் வழியில் தண்ணீரில் நனை, நெகிழும். கல் தோலை அறுக்காமல் இருக்கும்.

கல்லைத் தேடாதே. இங்கே எடுத்து வைத்திருக்கிறோம். வீடு எரிந்ததில் அடுப்புக் கல் மூன்றும் மிஞ்சின, அதில் ஒன்றைத் தனியே கழுவி வைத்திருக்கிறாள். இரண்டு கல்லில் பானை நிற்க மாட்டேன் என்கிறது, ஒரு பக்கம் நான் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவள் வேகவைக்கிறாள். வேறு கல் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். மகனே, அதைச் சுமந்து போய் முடித்துவிட்டு, நீயே திரும்பக் கொண்டுவந்து அடுப்பில் வை.

உன் கழுத்தை ஆண்டவர் தம் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளட்டும்.

கைநாட்டு,
உன் அப்பா ஸெர்கா